இன்னாசியின் பாவசங்கீர்த்தனம்

வெள்ளிக்கிழமைகளில் கல்முனையில் என் தையல்கடைக்குப் பூட்டு. பூட்டிய கடையின் பின்னறையில்தான் நாங்கள் கூடுவோம். பாலமுனையிலிருந்து மீன் வியாபாரி கச்சிமுகம்மது வருவான்; பாண்டிருப்பிலிருந்து அழகரெத்தினம் வருவான். மூவருமே ஆண்களை விரும்பும் ஆண்கள். ஊருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அந்த அறையில் மட்டும் தேத்தண்ணி குடித்து, சிரித்து, மனம்விட்டுக் கதைப்போம். நான் வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் போவதை எப்போதோ விட்டிருந்தேன். இப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு அல்லாஹ்வின் முன்னால் நிற்பது?

எண்பத்தொன்றில் சொறிக்கல்முனை இன்னாசி எங்களோடு சேர்ந்தான். கழுத்தில் சிலுவை கிடக்கும். தேத்தண்ணிக்கு முன்னும் சிலுவை அடையாளம் போடுவான். அழகரெத்தினம் அவனை 'சுவாமியார்' என்று சீண்டுவான். அவன் கோபிக்க மாட்டான். என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்பான். எங்களை விட்டால் அவனுக்கும் வாய் திறக்க இடமில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளி அவன் சொன்னான்: "நாளைக்கு வெள்ளனக் கோயிலுக்குப் போகணும். நத்தார்ப் பெருநாள் வருகுது, பாவசங்கீர்த்தனம் செய்யணும்."

"அது என்னடா?" என்று கேட்டேன்.

"செஞ்ச பாவமெல்லாத்தையும் முழங்கால்ல நிண்டு சுவாமிக்கிட்டச் சொல்றது, காக்கா."

கச்சிமுகம்மதின் கோப்பை சரிந்து இடுப்புச் சாரன் நனைந்தது. அவனுக்கு மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த அறையை நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்க, இந்த மடையன் போய் ஒரு பாதிரியார் காதில் ஓதிவிட்டு வருகிறானா!

"சுவாமி ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டார்" என்றான் இன்னாசி.

"முந்தியும் சொல்லியிரிப்பாயே, அவருக்குத் தெரிஞ்சிரிச்சேடா! என்ட பேரையும் சொன்னயா?" என்று கச்சிமுகம்மது கத்தினான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எழுந்து பின்கதவைத் திறந்தேன். "ஒண்டு கோயில உடு, இல்லாட்டி எங்கள உடு" என்றேன்.

இன்னாசிக்குப் பேயறைந்தது போலாயிற்று. "அங்க சனத்துக்கிட்ட இத ஒளிச்சிட்டு இரிக்கன். இஞ்ச வந்தும் சாமியக் கழட்டி வச்சிட்டுத்தான் இரிக்கணுமா, காக்கா?" என்று கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஒங்கட பேர் ஒண்டையும் நான் சொன்னதில்ல. என்ட கதையையும் சொன்னதில்ல."

"அப்ப கடவுளுக்கும் ஒளிக்கிறயா?" என்றான் அழகரெத்தினம்.

"ஒளிக்கல்ல. அங்க பாவத்தத்தான் சொல்லணும். பொய் சொன்னது, தங்கச்சிக்கு அடிச்சது, எல்லாம் சொல்லியிரிக்கன். இது பாவமெண்டு எனக்கு ஒருநாளும் படல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களில் ஒருவன் இப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. எவ்வளவு சிரித்துக் கூத்தடித்தாலும் நாங்கள் நரகத்துக்குத்தான் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடவுளைக் கேட்காமலே தீர்ப்பை நாங்களே எழுதி வைத்திருந்தோம். இவனோ அவர் முன்னால் முழங்காலில் நின்றும் இதைப் பாவமென்று நினைக்கவில்லை! கச்சிமுகம்மது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். கேலி செய்ய வாயெடுத்த அழகரெத்தினம் இன்னாசியின் கோப்பையை நிரப்பி வைத்தான்.

இன்னாசியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். திறந்த கதவை நானே சாத்தினேன்.

"இரிடா. தேத்தண்ணி ஆறுது."

அடுத்த வெள்ளி கடைச் சாவியை அவன் கையில் வைத்தேன். "நீ போய்த் திற. அவங்க வந்தா இரிக்கச் சொல்லு. நான் ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போய்ட்டு வாறன்."

பள்ளிவாசல் ஹவுளின் தண்ணீரில், தொழுகைக்கு முன்னான வுழூவுக்காகக் கைகால் கழுவக் குனிந்தேன். வீணாய்ப் பயந்த வருடங்களை நினைத்து, முகத்தைக் கழுவுவது போல அங்கேயே அழுதேன்.