பத்துக்கு மிகாமல்

கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைச் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், பொறியாளரும் கழுவும் பிரிவின் மேற்பார்வையாளரும் ஒரே வீட்டுக்காரர்கள். பொறியாளரான அவள் அண்ணி, அவன் கொழுந்தன். கணக்கில் அவன் தடுமாறும்போதெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் திருத்துவது அவள் வழக்கம். அவன் சிரித்துக்கொள்வான், மறப்பதில்லை.

மெருகேற்றும் திரவத்தை மாற்றியபோது, இனி எத்தனை முறை கழுவ வேண்டும் என்று அவன் கேட்டான். ஒரு முறை கழுவினால் வில்லையில் ஒட்டிய திரவத்தில் பாதி போகும். மிஞ்சியதில் பாதி அடுத்த முறை. எச்சம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். பாதியைப் பாதியால் பெருக்கிக்கொண்டே போகப் பொறுமையின்றி அவள் மடக்கை, அதாவது லாகரிதம், எடுத்தாள். அடுக்கில் குந்தியிருந்த எண் கீழே இறங்கிச் சாதாரணப் பெருக்கலாயிற்று. வகுத்தாள், பத்துக்கு மயிரிழை குறைவு. சுவரில் எழுதி ஒட்டினாள்: ‘கழுவுதல் பத்துக்கு மிகாமல்.’

மறுநாள் மாலை பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. விடிந்தால் அறுவை அரங்குகளில் அவற்றைப் பிரிப்பார்கள். தண்ணீர்ச் செலவு எப்படி இவ்வளவு குறைந்தது என்று அவள் விசாரித்தாள்.

“பத்துக்கு மேல போகக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கீங்க அண்ணி? நான் ஆறோட நிறுத்திட்டேன். உங்க பேச்சைத் தட்டுவேனா?”

ஆறு முறை என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு எச்சம். அவள் தன் கணக்கை மனத்துக்குள் வரிவரியாக ஓட்டினாள். எண்களில் பழுதில்லை. ஆனால் ஒன்றைவிடச் சிறிய எண்ணின் மடக்கைக்கு எதிர்க்குறி உண்டு, அரை என்ற எண்ணுக்கும் அப்படியே. எதிர்க்குறி எண்ணால் வகுக்கும்போது ‘குறைவு’ என்பதை ‘அதிகம்’ என்று திருப்பியிருக்க வேண்டும். அவள் திருப்பவில்லை. குறைந்தது பத்து என்று வரவேண்டிய விடை தலைகீழாகிச் சுவரில் தொங்கியது.

சந்தேகத்துக்கு இன்னொரு தடவை கழுவலாம் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அவன் ஏன் என்பான், எதற்கு என்பான். அதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்.

“வண்டியை நிறுத்துங்க தம்பி. நான் போட்ட கணக்கு தப்பு.”

அவன் ஓடினான். பெட்டிகள் இறங்கின. குத்திக் காட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் நேரே போய்த் தொட்டியை நிரப்பியதுதான் சுருக்கென்று தைத்தது. இன்னும் நான்கு முறை என்றாள். மூன்றாவதின்போது அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“மேனேஜர் கேட்டா, குழாய்ல தண்ணி வரலைன்னு சொல்லிடட்டுமா?”

“வேணாம். அண்ணி தப்பாப் போட்டாங்கன்னே சொல்லுங்க.”

“வீட்டுல என்ன சொல்ல?”

நான்காம் கழுவலும் முடிந்தது, கணக்குக்கு அது போதும். ஆனாலும் அவள் இன்னொரு முறை கழுவச் சொன்னாள்.