குரலடக்கிய ட்ருக்கோ

லேசர் ஒளி ஒரு கண்ணாடித் துகளை அந்தரத்தில் பிடித்து வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. திரையில் ஓடும் பச்சைக் கோடுதான் அடையாளம். துகள் துள்ளினால் கோடு தடிக்கும், அது சூடு. அடங்கினால் மெலியும், அது குளிர்ச்சி.

மெலிந்த கோட்டை மாலைவரை பதிவு செய்தால் என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் ஜுசாராவின் ஆய்வேடு முடியும். துகள் தவறிவிட்டால் இன்னொன்றைப் பிடிக்க வாரக்கணக்காகும். ஆகவே தரை அதிராமலிருக்கக் காலணிகளைக் கழற்றிவிட்டு, நானும் அவளும் மூலை மேசையில் ட்ருக்கோ ஆடினோம். பிரேசிலில், எங்கள் சாவ் கார்லோஸில் இந்தச் சீட்டாட்டத்தைக் கத்தாமல் யாரும் ஆடுவதில்லை. "ட்ருக்கோ" என்று சவால் விட்டால் பந்தயம் மூன்று புள்ளி. எதிராளி ஆறுக்கு ஏற்றுவார், மேசையைக் குத்தி, நம்மைத் திருடன் என்று திட்டி.

"ட்ருக்கோ," என்று கிசுகிசுத்தேன்.

"சர்ச்சுல பாவமன்னிப்பு கேக்கறியாடா?" என்றாள் ஜுசாரா.

எங்கள் பேராசிரியர் ஓஸ்னி காப்பியோடு வந்தார்.

"மெதுவா, புரொபசர்," என்றாள் ஜுசாரா.

"எனக்கே சொல்றியா? தள்ளுடா." என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜுசாரா கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமலே "ட்ருக்கோ" என்றாள். அவர் தன் சீட்டைப் பார்த்தார். காது சிவந்தது.

"புரொபசர், வேண்டாம்."

"நான் ஒண்ணும் பண்ணல, மகளே." கை தானாக எழுந்தது. "ஆறு, திருடி!"

மேசை அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. காப்பி கொட்டியது. கோடு கயிறாகத் தடித்தது. ஜுசாரா முகத்தை மூடிக்கொண்டாள்.

"துகள் போகல," என்றேன்.

கோடு மெல்ல இளைத்து மறுபடி நூலானது. அவள் விரலிடுக்கில் பார்த்தாள்.

"லேசர்தான் அடக்குது! துகள் தானா ஒண்ணும் அடங்கல. தேர்வாளர் இதைத்தானே காட்டச் சொன்னாரு? புரொபசர், இன்னொரு தடவை குத்துங்க."

குத்தினார். கோடு அசையவில்லை.

"பலமா!"

"சும்மா குத்த வரலையே, மகளே. கையில நல்ல சீட்டு வேணும்."

ஜுசாரா சீட்டைக் கலைத்தாள். பெரிய சீட்டுகளை அடியிலிருந்து உருவி அவருக்கே போட்டாள். ட்ருக்கோ என்றாள். குத்து விழுந்தது. கோடு தடித்தது, இளைத்தது. மறுபடி போட்டாள்.

மாலைக்குள் வேண்டிய அளவு பதிவாகிவிட்டது. ஓஸ்னி ஒரு கைகூடத் தோற்கவில்லை. வீங்கிய விரல்களை நீவிக்கொண்டே எழுந்தார்.

"உனக்கு இந்த ஆட்டம் வராது, மகளே. இயற்பியலே பாரு."

"சரி, புரொபசர்," என்றாள் ஜுசாரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.