குறிச்சிமேடு – ஆவாரங்காடு கூட்டுக் காவல்

மிலிட்டரி சாமிதுரையைக் குறிச்சிமேட்டில் தெரியாதவர் கிடையாது. பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்தவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் எல்லையையே ஒற்றை ஆளாகக் காத்தவர் மாதிரி பேசுவார். 2003 கோடையில் செந்துறைப் பக்கம் கிணற்று மோட்டார்கள் வரிசையாகத் திருடு போனபோது மனுஷருக்குத் தூக்கமும் போனது. அவர் கொல்லைக்காட்டில் கடலை காய் பிடிக்கும் நேரம். மோட்டார் போனால் அத்தனையும் கருகிவிடும்.

டீக்கடைப் பேப்பர்தான் வழி காட்டியது. "நேத்துவரைக்கும் மொறச்சிக்கிட்டு நின்ன பக்கத்துப் பக்கத்து நாடெல்லாம் இன்னிக்குக் கூட்டா ரோந்து போவுது. நமக்கென்ன கேடு?" என்று பக்கத்து ஊர் ஆவாரங்காட்டுக்குக் கிளம்பினார். ஏரித் தண்ணீர்த் தகராறில் இரண்டு ஊருக்கும் பல வருஷமாகப் பேச்சே இல்லை. ஆனாலும் மோட்டார் பயம் யாரை விட்டது? இரண்டு ஊரும் சேர்ந்து ராத்திரிக் காவல் போகலாம் என்றதும் ஆவாரங்காட்டு நாட்டாமை வைத்திலிங்கம் உடனே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, இரு ஊருக்கும் நடுவிலுள்ள அய்யனார் கோயிலில் பூசை போட்டுக் காவலைத் தொடங்குவதாக ஏற்பாடு. மைக் செட், பொங்கல், பெரிய மனுஷர்கள் தலையில் கட்டப் பரிவட்டம், ஒன்றுக்கும் குறைவில்லை. நம் பக்கம் கூட்டம் குறைந்தால் இளக்காரமாகிவிடும், ஆம்பளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் வரவேண்டும் என்று சாமிதுரை உத்தரவு போட்டார். அந்த ஊரிலும் அதே உத்தரவுதான்.

"எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டா கொல்லைய யாரு பாக்குறது?" என்றாள் மனைவி வீராயி.

"காவல் தொடங்குற அன்னிக்கே எவன்டி வருவான்? பயம் இருக்காது?"

"ஆமாமா, ஒங்க வெங்காயக் கத்திய நெனச்சி நடுங்குவான்."

கோயிலில் பூசாரி அய்யம்பெருமாள் பரிவட்டத்தை எடுத்ததும் ஆரம்பித்தது. யோசனை தன்னுடையது, முதல் மரியாதை தனக்கே என்றார் சாமிதுரை. அய்யனார் எங்கள் பக்கம் பார்த்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்றார் வைத்திலிங்கம்.

"சண்ட வேணாம்யா. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் கட்டிவுடுறேன்" என்றார் பூசாரி.

அப்பாடா என்றது கூட்டம். வைத்திலிங்கம் மட்டும் கேட்டார்: "வலது கை யாருக்கு?"

அவ்வளவுதான். மைக் பறந்தது, பொங்கல் பானை உருண்டது. இருட்டியதும் பரிவட்டம் யார் தலையிலும் ஏறாமலே கலைந்தார்கள்.

சாமிதுரை கொல்லைக்குப் போனபோது மோட்டார் கொட்டாய் திறந்து கிடந்தது. உள்ளே அறுத்த ஒயர் மட்டும் தொங்கியது. "ஐயோ, என் கடலை போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் பால்காரர் சேதி கொண்டுவந்தார். ஆவாரங்காட்டு நாட்டாமைக்கு இரண்டு மோட்டார் போய்விட்டதாம். ராத்திரி முழுக்க நெஞ்சிலேயே நின்ற மூச்சு சாமிதுரைக்கு அப்போதுதான் இறங்கியது.

"கேட்டியாடி? அவனுக்கு ரெண்டு!"

வீராயி ஒரு குடத்தை அவர் கையில் திணித்தாள்.

"சந்தோசம். ஏரியில போயி தண்ணி மொண்டாந்து செடிக்கு ஊத்துங்க. அங்க நாட்டாமையும் கொடத்தோட நிக்கிறாராம். யாரு மொதல்ல மொள்ளுறதுன்னு பேசி முடிச்சிட்டு வாங்க."