தெற்கெல்லை

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அக்காவும் அத்தானும் போட்ட சண்டையிலிருந்து. சண்டை பார்க்க நான் போகவில்லை. இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது.

"ஒரே ராஜா ஐந்நூறு வருஷம் ஆண்டிருக்கான்! ஒரே கிராமத்தை ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தானம் பண்ணியிருக்கான்! நல்லா இருக்குங்க உங்க டேட்டாபேஸ்!"

இதைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்க நான் என்ன துறவியா?

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை ஓய்ந்த மாலையில், காலத்தின் பாசி படிந்த அந்தச் செப்பேடு' (அடித்துவிட்டேன். மழையும் இல்லை, மாலையும் இல்லை.)

அடுத்தது: 'அவள் தன் தனிமையில்' (தனிமையா? ஒரே அறையில் இரண்டு மேசை, மூன்று கணினி, நடுவில் துணி காயப்போட்ட கொடி. தனிமையை எங்கே உட்கார வைப்பது?)

போதும். நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா இடைக்காலத்துச் சமஸ்கிருதச் செப்பேடுகளைப் படிப்பவள். எந்த அரசன், யாருக்கு, எந்த நிலத்தைத் தானம் கொடுத்தான், அந்த நிலத்துக்கு நான்கு எல்லைகள் எவை என்று எல்லாவற்றையும் கணினியில் தேடும்படி ஒரு தரவுத்தளம் கட்டிக்கொண்டிருக்கிறாள். நிரல் எழுத ஆள் இல்லை என்று அவளுடைய நிறுவனம் கையை விரித்ததும், கட்டிய கணவர் அகப்பட்டார்.

3.

பழைய செப்பேடுகள் பல, இரண்டு மூன்று நூல்களில் அச்சாகியிருக்கும். அதனால் ஒரே தானம் இரண்டு முறை பதிவாகிவிடும். இந்த இரட்டைகளை ஒன்றாக்க அத்தான் ஒரு நிரல் எழுதினார். எந்தப் பகுதியை ஒப்பிடலாம் என்று சாப்பிடும்போது கேட்டார். முதல் ஏடு எப்போதும் சிதைந்திருக்கும், கடைசிப் பகுதிதான் தெளிவாக இருக்கும் என்றாள் அக்கா, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

கடைசிப் பகுதியில் இருப்பது சாபம். இந்த நிலத்தைப் பறிப்பவன் அறுபதாயிரம் ஆண்டு மலத்தில் புழுவாய்க் கிடப்பான் என்கிற அதே சுலோகம். அரசன் மாறினாலும் வம்சம் மாறினாலும் சாபம் மாறாது.* நிரல் பார்த்தது. எல்லாம் ஒன்றேதான் என்று தீர்மானித்தது. காலையில் அக்கா திறந்தபோது, எல்லாத் தானங்களின் வரிகளும் கலந்த ஒரே ஒரு பிரம்மாண்டமான தானமும், கூடவே சில உதிரிகளும் இருந்தன.

(* அடிக்குறிப்பு: மாறவே மாறாது என்பதை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. செதுக்கியவன் தூக்கக் கலக்கத்தில் எழுத்தை விட்ட ஏடுகளும் உண்டாம். அந்த உதிரிகள் தப்பித்தது அந்தத் தவறுகளால்தான்.)

"நீதானே சொன்னே, கடைசிப் பகுதி தெளிவா இருக்கும்னு?"

"தெளிவா இருக்கும்னுதான் சொன்னேன். வேற வேறயா இருக்கும்னு சொன்னேனா?"

அத்தானை இந்த இடத்தில் வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தால் அவர் மன்னிப்புக் கேட்க மாட்டார், காபி போடுவார். அன்றைக்குப் பால் தீரும்வரை போட்டார்.

4.

தரவுத்தளத்தின் பழைய நகல் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு சேர்த்தவையும் நூல்களில் இருந்தன, மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றைத் தவிர. அது ஒரு பழம்பொருள் வியாபாரியின் கடையில் அக்கா நின்றபடியே படித்த செப்பேடு. படம் எடுக்க அவர் விடவில்லை. மடிக்கணினியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து நேராகத் தட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அவர் அதை விற்றுவிட்டார், யாருக்கு என்று வாய் திறக்கவில்லை. அந்த நிலத்துக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே சாட்சி அவள் தட்டிய வரிகள். அவைதான் இப்போது குப்பையோடு குப்பை.

"கழிச்சுப் பாத்துடலாம்" என்றார் அத்தான். நூலைப் பார்த்து அவள் வாசிக்க வேண்டியது, அந்த வரியைப் பிரம்மாண்டத்திலிருந்து அவர் நீக்க வேண்டியது. கடைசியில் எஞ்சுவது காணாமல்போன ஏடு. வாரக்கணக்கில் இதே வேலை. நடுவில் எத்தனை முறை பேச்சை நிறுத்தினார்கள் என்று எழுதினால் கதை தாங்காது.

எஞ்சியது இவ்வளவு: அரசன் பெயர், தானம் பெற்றவர் பெயர், கிழக்கே புற்று, மேற்கே ஓடை, வடக்கே பாறை. தெற்கே மட்டும் இரண்டு. ஒன்றில் கிணறு, இன்னொன்றில் தரிசு. ஒன்று இந்த ஏட்டுடையது. மற்றது இரண்டு முறை பதிவான வேறேதோ தானத்தின் மிச்சம். இரண்டுமே நூல்களில் பல தானங்களுக்குத் தெற்கெல்லையாக வருவதால், எது எதனுடையது என்று பிரிக்க வழியில்லை.

"உனக்கு ஞாபகம் இல்லையாக்கா?"

"இருக்குடி. ரெண்டையுமே படிச்ச மாதிரி இருக்கு. அதான் வயித்தெரிச்சல்."

5.

எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை இல்லை. கிணறு. ஒரு கதைக்குக் கிணற்றைவிட வேறென்ன வேண்டும்?

முடிவு ஒன்று: அக்கா கிணற்றைத் தேர்கிறாள், அத்தான் அவள் கையைப் பற்றி (பற்ற மாட்டார்.)

முடிவு இரண்டு: வியாபாரி மனம் மாறித் தொலைபேசியில் (மாற மாட்டார்.)

முதல் முடிவை அக்காவிடம் வாசித்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"உனக்கென்ன, கிணறு நல்லா இருந்தா கிணறு. நாளைக்கு ஒருத்தன் இதைத் தேடி எடுத்து, அந்தக் காலத்துல அங்க கிணத்துப் பாசனம் இருந்துதுன்னு எழுதுவான். அவனைப் பாத்து இன்னொருத்தன் எழுதுவான். நான் செத்த பிறகும் அந்தக் கிணறு இருக்கும்டி. யாருமே தோண்டாத கிணறு."

"அப்ப காலியா விட்டுடு."

"எங்க விட? நாலு எல்லையும் இல்லாம சேமிக்காது. உங்க அத்தான் அப்படிப் பண்ணி வச்சிருக்கார்."

கொடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் குரல் வந்தது. "நாலு பக்கம் இல்லாட்டி வரைபடத்துல நிலம் மூடாது. எத்தனை தடவைதான் சொல்றது?"

"மூடாட்டி போகட்டும்!"

"ஒரே ஒரு நிலத்துக்காக மொத்த அமைப்பையும் பிரிக்கச் சொல்றியா?"

"ஆமா. ஒரு நிலத்துக்காகத்தான்."

 அத்தான் யாரையோ திட்டுவதுபோல் விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினார். வெகுநேரம் தட்டினார். "இப்பப் போடு" என்றார். அக்கா மூன்று எல்லைகளைப் போட்டு, தெற்கைக் காலியாக விட்டு, சேமித்தாள். ஏற்றுக்கொண்டது. வரைபடத்தில் ஒரு பக்கம் திறந்தபடி அந்த நிலம் வந்து நின்றது. அக்கா அழுதாள். 

6.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் இருந்தேன். இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கிணறும் தரிசும் அதுல இல்லவே இல்லடி. நான் சும்மா சொன்னது."

"என்னக்கா சொல்றே?"

"நிஜமான ரெண்டையும் உன்கிட்ட சொன்னா, உனக்குப் பிடிச்ச ஒண்ணைக் கதையில போட்டுடுவே. படிக்கிறவன் நம்பிடுவான்."

ஏட்டில் ஒரு எழுத்தைக்கூடத் தானாகச் சேர்க்காதவள், எனக்கு மட்டும் ஒரு கிணற்றையே தோண்டிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் இதைக் கிழித்திருப்பேன்.

"சரி, நிஜம் என்ன?"

"கதையை முடிச்சுட்டியா?"

"இல்ல."

"முடிச்சுட்டு வா, சொல்றேன்."

முடிக்க அது தெரிய வேண்டும், அது தெரிய முடிக்க வேண்டும். என்னால் ஆகவில்லை. இது முடிந்துவிட்டது என்று நீங்களாவது அவளிடம் சொல்லிப் பாருங்கள்.