கட்டடம் கொடுத்த பதினைந்து டிகிரி

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய நாய் மருத்துவமனை, ஒரு பொய் அறிக்கை எழுதப்பட்ட மறுநாள் காலை, பதினைந்து டிகிரி கிழக்கே சாய்ந்து நின்றது. சுவரில் விரிசல் இல்லை, ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பேனாக்களும் மருந்துப் புட்டிகளும் மட்டும் கிழக்குச் சுவரோரம் போய்க் குவிந்திருந்தன.

காரணம் தங்கைக்குத் தெரியும். படம் எடுத்து அளப்பது அவள் வேலை. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நீட்டிப் பிடித்து எக்ஸ்ரே எடுப்பாள். இரண்டு தொடையெலும்புகளின் உருண்டைத் தலைகளையும் இணைத்து ஒரு கோடு; தலையின் நடுவிலிருந்து இடுப்புக் குழியின் விளிம்புக்கு இன்னொரு கோடு. நடுவில் நூற்றைந்து டிகிரி இருந்தால் உருண்டை குழிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அண்ணனுடைய மாமனார் குட்டிகளை விற்பதற்காக வளர்த்த பெட்டைக்குத் தொண்ணூறுதான் இருந்தது. குட்டிகளுக்கும் இந்த இடுப்புக் கோளாறு இறங்கும், இனம் சேர்க்காதீர்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "மாமா வீட்டு நாய்மா. உனக்கென்ன போச்சு?" என்று சொல்லி, நூற்றைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அண்ணன். நாயிடம் இல்லாத பதினைந்து டிகிரியைக் காகிதத்தில் கொடுத்தால் அது எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும்? கட்டடத்திலிருந்து வந்தது.

திருத்தி எழுத ஒரு நிமிஷம் போதும். அதை மட்டும் செய்ய அண்ணனுக்கு மனசு வரவில்லை. என்ன ஜென்மங்களோ! தச்சரைக் கூப்பிட்டு மேசைகளின் கிழக்குக் கால்களை நீளமாக்கினார்கள். கம்பவுண்டர் வடக்கே போக ஒரு ஜோடி, தெற்கே திரும்ப ஒரு ஜோடி என்று செருப்பு தைத்துக்கொண்டார். வந்து பார்த்த இன்ஜினீயர் மண் அமுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார். "பழகிடும்மா" என்றார் அண்ணன். எல்லோருக்கும் பழகித்தான் போயிற்று. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றரை வருஷத்தில் குட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி, கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்ட நாயைக் கையில் ஏந்திக்கொண்டு, சாய்ந்த தரையில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "படியைப் பார்த்தாலே முனகுதும்மா. அம்மா நாயோட சர்டிபிகேட்டைப் பார்த்துத்தானே வாங்கினேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?" உள்ளே அண்ணன் போனில், அதே பெட்டையை மறுபடி இனம் சேர்க்க மாமனாருக்கு நாள் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கை அலமாரியைத் திறந்தாள். பெட்டையின் பழைய படத்தை எடுத்துக் கோடுகளைப் போட்டு, தொண்ணூறு என்று கொட்டை எழுத்தில் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு வாசல் கதவில் ஒட்டினாள். காத்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தும் காட்டினாள்.

கட்டடம் நிமிர்ந்தது. சாய்விலேயே நடந்து பழகியவர்கள் சமதரையில் தடுமாறித் தொப்பென்று விழுந்தார்கள். கம்பவுண்டர் வடக்குச் செருப்போடு குப்புறக் கிடந்தார். கீழே விழுந்த போனில் மாமனார், இனிமேல் யார் குட்டி வாங்குவார்கள், எல்லாம் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?" என்று தரையில் கிடந்தபடி அண்ணன் சீறினார். "இப்ப மேசையெல்லாம் கோணலா நிக்குது பாரு!"

"பழகிடும்ணே" என்று அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

மேசைக் கால்களை யாரும் திரும்ப வெட்டவில்லை. படம் எடுக்கும்போது நாய் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது இப்போது அண்ணனின் வேலை. கோணத்தை அவளே எழுதுகிறாள்.