மருங்காபுரி ஒண்ணு

அக்கா வீராயி ஓட்டலுக்குள் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சர்வரிடம் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மருங்காபுரி காபி ஒண்ணு குடுங்க."

பக்கத்து மேஜையில் இருந்த வக்கீல் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். உள்ளே பில்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தப்பு என்னுடையது. அறுபத்தொன்றில், தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் இந்த ஓட்டலுக்குக் காபி போட வந்த முதல் வாரம் நடந்தது அது. சர்வர் ரெங்கராஜ் கூடத்திலிருந்து கூவுவான். ஸ்ட்ராங் என்றால் முதல் டிகாக்ஷன் தூக்கலாக. லைட் என்றால் பால் தூக்கலாக. சாதா என்றால் முதலும் இரண்டாவதும் கலந்தது. இதெல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. நடுநடுவே "மருங்காபுரி ஒண்ணு" என்றும் ஒரு குரல் வரும். அதை மட்டும் பழைய மாஸ்டரே ஊற்றுவார். எங்கள் ஊர்ப் பெயரில் திருச்சியில் ஒரு காபி! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அக்காவுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன். அவள் அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

அடுத்த வாரம் பழைய மாஸ்டர் வேலையை விட்டு நின்றுகொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாவது தடவையாக வெந்நீர் விட்டு இறக்கிய கழுவுதண்ணிக்குத்தான் அந்தப் பெயர். தலைப்பாகையும் துணிப்பையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ருசி எங்கே தெரியப்போகிறது என்று முதலாளி தர்மராஜ் வைத்த ஏற்பாடு. எந்த ஊர் என்று அவர் என்னைக் கேட்டபோது, மணப்பாறைப் பக்கம் என்று மென்று முழுங்கினேன். ஆறு மாதமாக அந்தத் தண்ணியை ஊற்றியது இந்தக் கைதான். வெட்கமாக இருந்தது, ஊற்றினேன். இன்னொரு கார்டு எழுதத் தைரியம் வரவில்லை.

ரெங்கராஜ் உள்ளே பார்த்துக் கூவினான். "மருங்காபுரி ஒண்ணு. பேரு சொல்லியே கேக்குறாங்கப்பா."

மறுபடியும் சிரிப்பு. அக்காவும் கூடவே சிரித்தாள். தன் ஊரைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் டிகாக்ஷன் பாத்திரத்தைத் திறந்தேன். புதுப்பால் விட்டு, நுரை பொங்க ஆற்றி, டபராவை நானே கொண்டுபோய் வைத்தேன்.

"எளைச்சுட்டியே தம்பி" என்றாள். ஒரு வாய் குடித்தாள். "நீ எழுதுனது சரிதான்டா. நம்ம ஊரு பேரக் காப்பாத்திட்டாங்க."

நான் உள்ளே திரும்பியபோது முதலாளி பில்டருக்கு எதிரே நின்றிருந்தார்.

"உங்க அக்கான்னு சொல்லியிருந்தா, நானே ஸ்ட்ராங் குடுக்கச் சொல்லியிருப்பேனேப்பா."

"அக்கா ஸ்ட்ராங் கேக்கலைங்க. மருங்காபுரி கேட்டுச்சு."

"கிண்டலா?"

"இல்லீங்க. அதான் எங்க ஊரு. இனிமே அந்தப் பேரு என் காதுல விழுந்தா, இந்தப் பாத்திரத்துலேருந்துதான் ஊத்துவேன்."

"நாளைக்கே வேற ஆளப் போட்டுட்டா?"

"போடுங்க. இன்னைக்கு நான்தான நிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. ஆனாலும் பில்டரை விட்டு நகரவில்லை. அவரும் நகரவில்லை.

கூடத்தில் உப்பிலியபுரம் பஸ்ஸில் வந்த இருவர் செருப்பைச் சுவரோரமாகக் கழற்றி வைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். ரெங்கராஜ் வந்து முதலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டினான்.

"என்ன காபின்னு சொல்லு" என்றேன்.

அவன் மறுபடியும் முதலாளி பக்கம் திரும்பினான். அக்கா டபராவைக் கீழே வைக்காமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருங்காபுரி ரெண்டு" என்றான் மெதுவாக.

"கூடத்துக்குக் கேக்குற மாதிரி சொல்லுப்பா."

அவன் கூவினான். முதலாளியின் கண் முன்னாலேயே முதல் பாத்திரத்தின் மூடியை எடுத்தேன். வாசனை கூடம் வரைக்கும் போனது.