பல்வலிக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

"எம்மகளைத் தின்ன வாயில என்னட்டி ஸ்தோத்திரம் வேண்டிக்கெடக்கு?"

"சோத்துக்குத்தான் மதினி சொன்னேன்."

"சோத்துக்குச் சொன்னாலும் மருந்துதான கொட்டுது? தெருவையே கொளுத்திட்டுத்தான் ஓய்வியா நீ?"

சின்னத்தாய் சொன்னதில் பொய்யில்லை. 2006 ஆவணியிலிருந்து, ஏழாயிரம்பண்ணையில் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் ஸ்தோத்திரம் சொல்லும்போதெல்லாம் வாயிலிருந்து ஒரு சிட்டிகை கருமருந்து கொட்டியது. கலப்படமில்லாத மருந்து. பட்டாசுக் கம்பெனி போர்மேன் காளிராஜ் ஒரு சிட்டிகையைத் திண்ணைக் கல் மேல் வைத்துப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, கம்பெனி மருந்தைவிட நல்லா எடுக்குது என்றான். பட்டாசு சீசன் முடியும்வரை மருந்து ரூமில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் மட்டும் சொல்லச் சம்மதமா என்றும் கேட்டான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது தொடங்கியது இப்படி. சண்முகத்தாய் வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் ஓர் ஆள் குறைந்தாலும் காளிராஜ் வண்டியை எடுக்கமாட்டான். வராதவள்தான் பதில் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஆவணியில் ஒருநாள் சண்முகத்தாய்க்குப் பல்வலியில் கன்னம் வீங்கிவிட்டது. விடியுமுன் சின்னத்தாய் வீட்டுக் கதவைத் தட்டி, அவள் மகள் சினேகாவை எழுப்பி, தன் இடத்துக்கு அனுப்பினாள். பதினோரு மணிக்கு மருந்து செலுத்தும் ரூம் வெடித்தது. சினேகாவின் கொலுசை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொன்னார்கள்.

அதோடு நின்றிருந்தால் துக்கம் துக்கமாகவே இருந்திருக்கும். சண்முகத்தாய் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். ஆபத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அவளும் எழுந்தாள். "கர்த்தர் எனக்குப் பல்வலியக் குடுத்துக் காப்பாத்துனாரு, ஸ்தோத்திரம்" என்று மைக்கில் சொன்னாள். ஜெபவீட்டுக் குழாய் ஸ்பீக்கர் சின்னத்தாய் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தது. அங்கே துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லை. அந்த வார்த்தை முடியும்போதே மைக்கின் மேல் கறுப்பாக ஏதோ கொட்டியது.

பிறகு அது நிற்கவேயில்லை. குழாயில் தண்ணீர் வந்ததற்கு, கோழி முட்டையிட்டதற்கு, சாத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்ததற்கு என்று எதற்கு நன்றி சொன்னாலும் மருந்துதான். பீடி குடிக்கிறவர்கள் அந்த வாசலைச் சுற்றிப் போனார்கள். அடுப்பு மூட்டும் நேரத்தில் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சங்கிலிமுத்து வீட்டைக் காலிபண்ணச் சொன்னார். பாஸ்டர் ஐயா, மனசுக்குள்ளேயே சொல்லுங்கம்மா என்றார். சொல்லிப் பார்த்தாள். சோறு தொண்டையிலேயே நின்றது. வாய்விட்டு நன்றி சொல்லாமல் தின்னத் தெரியாத உடம்பாகிவிட்டது அது.

முதலில் சொன்ன அந்தச் சண்டைக்கு மறுநாள், சண்முகத்தாய் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது சின்னத்தாய் தீப்பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"இப்பச் சொல்லுட்டி. சொல்லு, பத்தவைக்கேன். ரெண்டு பேரும் போயிருவோம்."

சண்முகத்தாய் எழுந்து ஓடவில்லை. "பல்வலிக்குச் சொன்னது தப்பு மதினி. அத இனிச் சொல்லமாட்டேன். ஆனா சினேகாவுக்குச் சொல்லணும். நான் எழுப்புனதுக்கு மூஞ்சியச் சுளிக்காம வந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம்." தட்டில் கறுப்பாக விழுந்தது. சின்னத்தாய் குச்சியை எடுத்தாள்.

"வேன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடியாந்துச்சு மதினி. 'அத்தை, இத வாயில அடக்கிக்கோங்க, வலி கேக்கும்'னு கிராம்பு குடுத்துட்டுப் போச்சு. காளிராஜ் ஆரன் அடிச்சு அடிச்சு வையுதான், அது சிரிச்சுக்கிட்டே ஓடுது. அதுக்கு ஸ்தோத்திரம்."

இன்னொரு சிட்டிகை விழுந்தது.

மகளின் கடைசிக் காலை நேரத்தில் இப்படி ஒன்று நடந்தது சின்னத்தாய்க்குத் தெரியாது. குச்சி விரலிடுக்கிலேயே இருந்தது. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, "என்ன சொல்லிட்டு ஓடுனா? இன்னொருக்கச் சொல்லு" என்றாள்.

இப்போது 2009. சின்னத்தாய் அவளை மன்னிக்கவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் காறித் துப்புகிறாள். ஆனால் சாயங்காலம் தட்டு வைக்கும் நேரத்துக்குச் சொம்பில் தண்ணீரோடு வந்து, "ம், ஆரம்பி" என்கிறாள். சண்முகத்தாய் சினேகாவைப் பற்றி ஞாபகம் வந்ததற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறாள். மருந்து கொட்டுகிறது. சின்னத்தாய் அதன் மேல் தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போகிறாள். அவளே வந்து உட்காருகிறாளே என்று சங்கிலிமுத்துவும் வீட்டைக் கேட்பதை விட்டுவிட்டார். வாய்க்கால் தண்ணீர் கறுப்பாக ஓடினால் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள், அவ்வளவுதான்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் இடத்தில் இன்னொருவர் போய்ச் சேர்ந்து, நீங்கள் மிஞ்சியிருந்தால், சோற்றின் முன் உட்கார்ந்து எதற்கு நன்றி சொல்வீர்கள்? ஆமென் என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், உள்ளதைக் கீழே பதிலில் எழுதுங்கள்.